அக்கா எழுதின எம்-ஒன்

எங்கூட்டுல எம்-ஒன்னுன்னு யாரும் வாயால சொல்ல மாட்டாங்க. நைனா "அந்தப் பேப்பரு"ன்னு சொல்லும். அம்மா அதுவும் சொல்லாது. இன்ஜினியரிங் மொத வருசத்துல எல்லாருக்கும் வர்ற கணக்குப் பாடம் அது. லிமிட்டு, டிஃபரன்சியேஷன், இன்டெக்ரேஷன்னு கால்குலஸ் அதுலதான் தொடங்கும். திருப்பதியில இன்ஜினியரிங் படிச்ச எந்தப் புள்ளைய நிறுத்திக் கேட்டாலும் எம்-ஒன்னுன்னா "அய்யோ"ன்னு சிரிக்கும். எங்கூட்டுல சிரிக்க மாட்டோம். என் அக்கா கடைசியா எழுதின பேப்பர் அது.

எங்க ஊரு பாலசமுத்திரத்துக்குப் பக்கம். ரெண்டு மேடு தாண்டினா தமிழ்நாடு. தாத்தா காலத்துல அடுத்தவங்க நெலத்துல கூலிக்குப் போனவங்க நாங்க. நைனா காலத்துலதான் சொந்தமா கொஞ்சம் தக்காளி, கொஞ்சம் மாமரம்னு ஆச்சு. அக்கா எனக்கு மூணு வயசு பெரியவ. பத்தாவது வரைக்கும் தமிழ்ல படிச்சா, அப்பறம் சித்தூர்ல இன்டர்ங்கற பதினொண்ணு, பன்னெண்டு, அங்க தெலுங்கும் இங்கிலீசும் கலந்து. அதுக்கப்பறம் திருப்பதியில ஹாஸ்டல்ல தங்கி இன்ஜினியரிங். எங்க சொந்தத்துல அந்தப் படிப்புக்குப் போன மொத ஆளு அவதான்.

மொத செமஸ்டர்ல எல்லாம் பாஸ், எம்-ஒன் ஒண்டி போச்சு. பாதிப் பேருக்குப் போறதுதான், அதுல ஒண்ணும் அதிசயம் இல்ல. பெயிலான பேப்பரைத் திருப்பி எழுதறதுக்கு சப்ளின்னு பேரு. அந்த சப்ளி வந்தப்ப அவளுக்குக் காய்ச்சல். டெங்கு. ஊட்டுக்குச் சொல்லல. ரூம்ல கூட இருந்த பொண்ணுங்க பப்பாளி எலையை இடிச்சு சாறு புழிஞ்சு குடுத்திருக்காங்க. அதைக் குடிச்சிட்டு, துப்பட்டாவைத் தலையோட சுத்திக்கினு, உக்காந்து பரீட்சை எழுதிட்டு, பஸ் ஏறி சித்தூர் வந்து, அங்கேர்ந்து ஊருக்கு வந்தா. வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே விழுந்துட்டா. சித்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடினோம். அவங்க பாத்துட்டு திருப்பதிக்குக் கொண்டுபோங்கன்னாங்க. எந்த ஊர்லேர்ந்து வந்தாளோ அந்த ஊருக்கே திருப்பி இட்டுக்கினு போனோம். அங்கதான் செத்துப்போனா.

காரியம் எல்லாம் முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சு அந்த சப்ளி ரிசல்ட் வந்துச்சு. ஊட்ல யாரும் பாக்கல. நான் பாத்தேன். ரிசல்ட் பாத்துச் சொல்றது எப்பவும் என் வேலை. "எனக்குப் பயமா கீதுடி, நீ பாத்து சொல்லு, நான் காதைப் பொத்திக்கினு நிக்கறேன்"னு சொல்லுவா. இன்டர் ரிசல்ட்டும் நான்தான் பாத்தேன், மொத செமஸ்டரும் நான்தான். அவ ஹால்டிக்கெட் நம்பர் எனக்கு மனப்பாடம். செல்போன்ல போட்டுப் பாத்தேன். பெயில். போனை மூடி வெச்சிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டேன். சொல்றதுக்கு ஆள் இல்ல.

நைனா அதுக்குள்ள ஊரெல்லாம் "எம் பொண்ணு பாஸாயிட்டுதான் போனா"ன்னு சொல்லியாச்சு. டீக்கடையில, பஸ்ல, மண்டில, யார் துக்கம் கேட்டாலும் இதே பேச்சு. பொய்யின்னு அதுக்கே தெரியாது, அது ரிசல்ட் பாக்கவே இல்லையே. அப்படிச் சொல்லும்போது ஒண்டிதான் நைனா தலை நிமிரும். அதைப் போய் நான் எப்படி ஒடைக்கறது? வாயை மூடிக்கினேன்.

பத்தாவது முடிச்சு, சித்தூர்ல இன்டர் முடிச்சு, நானும் இன்ஜினியரிங்தான் போவேன்னு ஒத்தைக் கால்ல நின்னேன். அம்மா பேசறதை நிறுத்திடுச்சு. "நர்சிங் போ, டிகிரி போ, ஸ்ரீசிட்டியில கம்பெனி வேலைக்குப் போ, இதுக்கு ஏன் போறே?"ன்னு நைனா கெஞ்சுச்சு. எனக்குக் கோவம். யார் மேலன்னு கேட்டா அப்ப சொல்லத் தெரியாது. என் அக்காவைக் கொண்டுபோனது இன்னான்னு நேருக்கு நேரா உக்காந்து பாக்கணும், அவ்ளோதான். நைனா ஒரு கண்டிசனோட உட்டுச்சு. அக்கா படிச்ச காலேஜ் கூடாது, திருப்பதியிலயே வேற காலேஜ். சரின்னேன். காலேஜை மாத்தலாம், எம்-ஒன்னை எப்படி மாத்துவாங்க?

மொத நாள் க்ளாஸ். ஜன்னல் வழியா திருமலை மலை தெரிஞ்சுக்கினு இருந்துச்சு. மேத்ஸ் மேடம் போர்டுல ஒரு வளைவு வரைஞ்சு, அது ஜீரோகிட்ட நெருங்கற எடத்துல சாக்பீஸால தட்டி, "ஜீரோகி தக்கரகா ஒஸ்துந்தி, கானி ஜீரோ காது"ன்னாங்க. கிட்ட வரும், ஆனா ஜீரோ ஆகாது. எல்லாப் பொண்ணுங்களும் எழுதிக்கினாங்க. நான் எழுதல. லீவுக்கு வந்தப்ப அக்கா தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக் கட்டிக்கினே இதே வாக்கியத்தை இதே தெலுங்குல சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணா. மேடம் சொல்லி முடிக்கறதுக்குள்ள என் காதாண்ட அவ சொல்லி முடிச்சிட்டா.

இதுல தத்துவம் ஏதாச்சும் இருக்குமான்னு நானும் ராத்திரியெல்லாம் யோசிச்சேன். கிட்ட வரும், தொட முடியாது, செத்தவங்க உயிரோட இருக்கறவங்க, அது இதுன்னு. ஒரு மண்ணும் இல்ல. அப்படி அர்த்தம் எடுத்துக்கினு உக்காந்தா ஒரு மார்க்கும் வராது. லிமிட்டுன்னா லிமிட்டு, கணக்கு. ஆனா அந்தக் குரல் கணக்கு இல்ல. நெஜமா கேட்டுச்சு.

தெனமும் வந்தா. மேடம் போர்டுல கணக்கை எழுதி முடிச்சதும் என் எடது பக்கம், கழுத்துக்குக் கீழ, மூச்சு மாதிரி வரும். "மொதல்ல வெளித்தோலை உரி. அப்பறம் உள்ள கீறதை உரி. ரெண்டையும் பெருக்கு." வெங்காயம் உரிக்கற கணக்கா அவ செயின் ரூல் போடற விதம் அது. மேடம் அப்படிச் சொல்லித் தரல, புக்குலயும் கிடையாது. நான் அப்படியே போட்டேன். சரியா வந்துச்சு. மேடம் "குட்"னாங்க. நான் எடது பக்கம் திரும்பிப் பாத்து சிரிச்சிட்டேன். அங்க உக்காந்துக்கினு இருந்த நெல்லூர்ப் பொண்ணு நான் அவளைப் பாத்து சிரிச்சேன்னு நெனச்சு அன்னிலேர்ந்து எனக்கு ஃப்ரெண்டாயிட்டா.

என் ரூம்மேட் சாந்திபுரத்துக்காரி. குப்பம் பக்கம். தமிழ்ல ஆரம்பிச்சு தெலுங்குல முடிப்பா, நடுவுல கோவம் வந்தா கன்னடம். வாய்த்துடுக்கு. அவகிட்ட ஒருநாள் சொல்லிட்டேன். கேட்டுட்டு, "உங்கக்கா ஃப்ரீயா டியூசன் எடுக்கறாங்களா? எனக்கு ஃபிசிக்ஸ் தகராறா கீது, கொஞ்சம் இந்தப் பக்கம் அனுப்பி உடேன்"னா. சிரிச்சோம். அப்பறம் அவளே எழுந்து ஜன்னலைச் சாத்திட்டு வந்தா. மறுநாள் காலையில "வா, மலைக்கு நடந்து போய் மொட்டை போட்டுக்கினு வந்துடலாம், எல்லாம் போயிடும்"னா. எனக்கு எதுவும் போக வேணாம். அதை அவகிட்ட சொல்லல. சொன்னா பயந்துடுவா.

தொல்லை எங்க வந்துச்சுன்னா, அக்காவுக்குத் தெரிஞ்ச கணக்கு வரைக்கும்தான் அந்தக் குரலுக்கும் தெரியும். டபுள் இன்டெக்ரேஷன் வந்துச்சு. அதுல ஆர்டர் மாத்தற கணக்குன்னு ஒண்ணு. எக்ஸ் மொதல்ல போடறதை ஒய் மொதல்ல போடற மாதிரி மாத்தணும். மாத்தினா எல்லைகளையும் புதுசா கண்டுபுடிக்கணும், அதுக்குப் படம் வரையணும். அக்காவுக்கு அது கடைசி வரைக்கும் புரியவே இல்ல. அவ படம் வரைய மாட்டா, பழைய எல்லையவே அப்படியே எடுத்து வெச்சுடுவா. அந்தக் குரலும் அதையே சொல்லுச்சு. நானும் அதையே போட்டேன். மேடம் மூணு தபா நின்னு சொல்லிக் குடுத்தாங்க. மண்டையில ஏறுது, பேனா புடிச்சா பழையபடி. என் கை அவ தப்பைத்தான் எழுதுது. அப்பதான் எனக்குப் பயம் வந்துச்சு.

செமஸ்டருக்கு நடுவுல வெக்கற மொத மிட் பரீட்சை. கேள்வித்தாளைக் கையில குடுத்தாங்க. பச்சையா, கசப்பா ஒரு வாசனை. பப்பாளி எலையை இடிச்ச வாசனை. மூக்கைத் தொடச்சிக்கினேன். போகல. பின்கழுத்துல குளிர் தொடங்கி, தோளுக்கு எறங்கி, பல்லு கிடுகிடுன்னு அடிக்க ஆரம்பிச்சுது. வெளிய சித்திரை வெயில் மாதிரி காயுது, நான் நடுங்கறேன். பேனாவைப் புடிக்க முடியல. வெறும் பேப்பரைக் குடுத்துட்டு வெளிய வந்தேன். ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்தாங்க. எல்லாம் நார்மல். டாக்டரம்மா "டென்சன்"ன்னாங்க. மறுநாள் வேற பரீட்சை, அதுல ஒண்ணும் ஆகல, நல்லா எழுதினேன். ரெண்டாவது மிட் வந்துச்சு. மத்த எல்லாம் ஒழுங்கா எழுதினேன். எம்-ஒன் அன்னிக்குத் திரும்பவும் அதே வாசனை, அதே குளிர், அதே வெறும் பேப்பர்.

காலேஜ்லேர்ந்து நைனாவுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. நைனா பஸ் புடிச்சு வந்துச்சு. ஹாஸ்டல் கேட்டாண்ட நின்னு என் நெத்தியைத் தொட்டுப் பாத்துச்சு. "செமஸ்டர்லயும் இப்படி ஆனா சர்டிபிகேட்டை வாங்கிக்கினு வந்துடு தாயி. படிப்பு போனா போவுது. இன்னொண்ணைக் குடுக்க எனக்குத் தெம்பு இல்ல"ன்னுச்சு. அதட்டியிருந்தா எதுத்துப் பேசியிருப்பேன். கெஞ்சறவங்ககிட்ட இன்னா பேசறது? சரி நைனான்னுட்டேன். செமஸ்டர் பேப்பரை எழுதினாதான் நான் திருப்பதியில இருக்க முடியும்.

ஊருக்குப் போனப்ப அத்தை வந்து உக்காந்துக்கினு இருந்துச்சு. நைனாவோட தங்கச்சி. மாங்கா சீசன்ல சித்தூர்கிட்ட மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போவும், மத்த நாள்ல கூலி. கொரல் எட்டூருக்குக் கேக்கும். அத்தைக்கும் அம்மாவுக்கும் ஆவாது. அத்தை எடுத்த எடுப்புல சொல்லிச்சு: "அவதான் இவளைப் புடிச்சிக்கினு கீறா. கூப்டலயே நீங்க. கூப்டாம உட்டா எங்க போவா? திருப்பதியில எந்த பெஞ்சுல உக்காந்துக்கினு கீறாளோ."

எங்க பக்கம் கல்யாணம் ஆகாத பொண்ணு செத்துட்டா அவ ஊட்டு சாமி. பூவாடைக்காரின்னு சொல்லுவோம். கெணத்தாண்ட போயி பம்பை மேளம் அடிச்சு அவ பேரைச் சொல்லிக் கூப்புடணும். சொந்தத்துல யார் மேலயாச்சும் வருவா. கொறை இருந்தா சொல்லுவா, கேட்டதைக் குடுக்கணும். மனசு ஆறினா, பூ சுத்தின தண்ணிக் கொடத்தைத் தலையில தூக்கிக்கினு ஊட்டுக்கு நடந்து வருவா. அப்பறம் புதுப் பொடவை வெச்சுப் படைச்சு, அவளை ஊட்லயே வெச்சுக்கணும். எல்லா ஊட்லயும் செய்யறதுதான். எங்கூட்டுல ஒண்டி செய்யல, அம்மா உடல. கேட்டவங்களுக்கெல்லாம் ஒரே பதில்: "அவ இன்னா சாமியா? அவ எம் பொண்ணு."

அன்னிக்கும் அதையேதான் சொல்லுச்சு. அத்தை உடல. "ஒருத்தியைப் பொண்ணு பொண்ணுன்னு வெளிய நிக்க வெச்சிட்டே. இன்னொருத்தி நடுங்கிக்கினு கீறா பாரு"ன்னுச்சு. அம்மா என்னைப் பாத்துச்சு. "செஞ்சிக்குங்க. நான் கிட்ட வர மாட்டேன்"னு சொல்லிட்டு அடுப்பாண்ட போயிடுச்சு.

பொழுது இருக்கும்போதே கெணத்தாண்ட போனோம். எங்க மோட்டார் கெணறுதான். பம்பைக்காரங்க தமிழ்நாட்டுப் பக்கத்துலேர்ந்து வந்திருந்தாங்க. கொடத்துல தண்ணி நெறச்சு, வேப்பிலை சொருகி, மல்லி சுத்தி வெச்சாங்க. ஊர்சனம் பாதி வந்துடுச்சு. அம்மா மோட்டார் கொட்டாய் சொவத்துல சாஞ்சு, கையைக் கட்டிக்கினு தூரமா நின்னுச்சு. பம்பை தொடங்கி அக்கா பேரைச் சொல்லிக் கூப்டாங்க. இத்தினி வருசத்துல அவ பேரை அவ்ளோ சத்தமா யாரும் சொல்லி நான் கேக்கல.

அத்தை மேலதான் வந்தா. முடி அவுந்து, உடம்பு முறுக்கி, அப்படியே தரையில உக்காந்துச்சு. அம்மா "ம்க்கும்"னு மூக்கால ஒரு சத்தம் விட்டது எனக்குக் கேட்டுச்சு. பெரிய பம்பைக்காரர் முன்னால வந்து, "வந்தியா தாயி? இன்னா கொறை, சொல்லு. பட்டு வேணுமா, பூ வேணுமா, வளையல் வேணுமா?"ன்னாரு. அத்தை தலையை ஆட்டிக்கினே இருந்துச்சு. அப்பறம் நின்னுச்சு. ஃபேக்டரி சத்தத்தையே அமுக்கற அந்தக் கொரல் எங்க போச்சோ, மெதுவா, கூச்சப்பட்டுக்கினு கேட்டுச்சு.

"நான் பாஸா, பெயிலா?"

பம்பைக்காரருக்கு இது புதுசு. எந்த சாமியும் அவர்கிட்ட இதைக் கேட்டிருக்காது. முழிச்சாரு. சனம் குசுகுசுன்னுச்சு. நைனா பாஞ்சு முன்னால வந்து, "பாஸும்மா! நீ பாஸு! ஊருக்கே சொல்லிக்கீறேன்"னுச்சு, அழுதுக்கினே. பம்பைக்காரர் தைரியம் வந்து, "கேட்டுக்கினியா தாயி? பாஸாம். எடு, கொடத்தை எடு"ன்னு அடிச்சாரு. அத்தை கொடத்துமேல கையை வெச்சுச்சு. தூக்கல. அசையல. நைனாவைப் பாக்கக்கூட இல்ல. தலையைத் திருப்பி, கூட்டத்துல என்னைத் தேடுச்சு.

"நீ சொல்லு."

சொல்லிட்டு ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கினுச்சு.

அது அத்தைக்குத் தெரிஞ்சிருக்கலாம். ஊட்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தான், ரிசல்ட்டுன்னா அவ காதைப் பொத்திக்குவா, நான் சொல்லுவேன். படிச்ச புள்ளையா யோசிச்சா அப்படித்தான் யோசிக்கணும். எனக்கு யோசிக்க வரல. எதிர்ல உக்காந்துக்கினு இருந்தது என் அக்கா. நைனா என்னைப் பாத்து வேணாம் வேணாம்னு தலையாட்டுச்சு. அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது, அதுவும் உள்ளுக்குள்ள சந்தேகப்பட்டுக்கினுதான் இருந்திருக்குன்னு. பம்பைக்காரர் என் பக்கம் சாஞ்சு, "பாஸுன்னு சொல்லிடு பாப்பா, கெளம்பட்டும்"னாரு. நான் அவகிட்ட ரிசல்ட்டைப் பொய்யா சொன்னதே இல்ல.

"பெயிலு கா"ன்னேன். "நானும் ரெண்டு மிட்லயும் பெயிலு."

பம்பை நின்னுடுச்சு. அத்தை காதுலேர்ந்து கையை எடுத்துச்சு. வாய் கோணிக்கினு, உதடு துடிச்சு, அப்படியே குனிஞ்சு தரையைப் பாத்து உக்காந்துடுச்சு. நைனா தலையில துண்டைப் போட்டுக்கினு திரும்பிக்கினுச்சு. ஊரே நின்னு பாத்துக்கினு கீது. அய்யோ, தப்பா சொல்லிட்டமோ. அவ எழுந்துக்கவே மாட்டாளோன்னு இருந்துச்சு.

கொட்டாய் பக்கத்துலேர்ந்து அம்மா வந்துச்சு. நடந்து வரல, ஓடி வந்துச்சு. கூட்டத்தைத் தள்ளிக்கினு உள்ள பூந்து, சாமின்னுகூட பாக்காம, அத்தையோட தோளைப் புடிச்சு உலுக்குச்சு.

"பெயிலானா இன்னாடி? பெயிலானா இன்னா? பாஸாயிட்டு ஊட்டுக்கு வான்னு போன்ல கத்தினேன். ஆமா, கத்தினேன். கோவத்துல ஒரு வார்த்தை பெத்தவ பேச மாட்டாளா? அதைப் போய் புடிச்சிக்கினியே! காய்ச்சல்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நடந்தே வந்திருப்பேனே. எந்தப் பேப்பரும் வேணாம், ஒரு மயிரும் வேணாம். பெயிலாவே வா. எழுந்துருடி. ஊட்டுக்கு வாடி."

அம்மா அப்படி போன்ல சொன்னது எனக்கு அதுவரைக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஏன் அவ காய்ச்சலை மறைச்சா, ஏன் அந்தப் பேப்பரை எழுதிட்டுதான் பஸ் ஏறினா, எல்லாம் அந்த ஒரு நிமிசத்துல புரிஞ்சுபோச்சு. அம்மா ஏன் இத்தினி வருசம் அவளைக் கூப்புடவே உடலைன்னும் புரிஞ்சுது. எந்த மூஞ்சியை வெச்சிக்கினு கூப்புடும்?

அத்தை அம்மாவோட வயித்துல தலையை வெச்சு அழுதுச்சு. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சி ஒருத்தர் பாக்காதவங்க. அம்மா அந்தத் தலையைப் புடிச்சிக்கினு, முடியைக் கோதி முடிஞ்சு உட்டுச்சு. அப்பறம் தானே குனிஞ்சு கொடத்தைத் தூக்கி அத்தை தலையில வெச்சுச்சு. பம்பை அடிக்கல, யாரும் அடிக்கச் சொல்லல. அம்மா முன்னால நடக்க, அத்தை பின்னால நடக்க, வரப்பு மேலயே ஊட்டுக்கு வந்தோம். வாசல்ல அம்மா நின்னு திரும்பி, "பாத்து வா, படி கீது"ன்னுச்சு. பொடவை வெச்சுப் படைச்சோம். அத்தைக்குத் தெளிஞ்சதும் தண்ணி குடிச்சிட்டு, "நான் இன்னா பேசினேன்?"னு கேட்டுச்சு. அம்மா "ஒண்ணும் இல்ல, துன்னு"ன்னு சோத்தைப் போட்டுச்சு. நைனா மட்டும் துன்னல. ரொம்ப நேரம் கழிச்சு என்னைக் கூப்ட்டு, "எத்தினி நாளா தெரியும்?"னு கேட்டுச்சு. அப்பவேன்னேன். என் தலையில கையை வெச்சிட்டு எழுந்து போயிடுச்சு.

செமஸ்டர் எம்-ஒன் அன்னிக்குக் காலையில ரூம்மேட்டு என் பைக்குள்ள ஸ்வெட்டரைத் திணிச்சு வெச்சா. ஹால்ல உக்காந்தேன். ஃபேன் சத்தம். கேள்வித்தாளைக் குடுத்தாங்க. மூச்சை இழுத்துப் பாத்தேன். பேப்பர் வாசனைதான். பின்கழுத்துல கையை வெச்சுப் பாத்தேன். வேர்வைதான். சரி, எழுதுன்னு மொத கணக்கை எடுத்தேன். வெளித்தோலை உரின்னு யாராச்சும் சொல்லுவாங்கன்னு பேனாவைப் புடிச்சிக்கினு காத்திருந்தேன். எடது பக்கம் ஒண்ணும் இல்ல. கா, வா, நேரம் ஆவுதுன்னு மனசுக்குள்ள கூப்டேன். கொரல் வரல. அவ ஊட்ல கீறா. அம்மா காலையில வெளக்கு வெச்சிருக்கும். திருப்பதியில இனிமே நான் ஒண்டிதான்.

நானே போட்டேன். ஒண்ணு விடாம போட்டேன். ஆர்டர் மாத்தற கணக்குக்குப் படம் வரைஞ்சு புது எல்லையைக் கண்டுபுடிச்சேன், என் கை என் பேச்சைக் கேட்டுச்சு. முடிச்சப்ப இன்னும் நேரம் இருந்துச்சு. பேனாவை மூடினேன். அப்ப வந்துச்சு பாரு அழுகை, அடக்க முடியல. பெஞ்சுமேல தலையை வெச்சு, சத்தம் வராம இருக்கறதுக்கு துப்பட்டாவைக் கடிச்சிக்கினு அழுதேன். பரீட்சை பாத்துக்கற சார் பதறிக்கினு கிட்ட வந்தாரு. "ஏமய்யிந்தம்மா? பேப்பர் கஷ்டங்கா உந்தா?"ன்னு கேட்டாரு, இன்னாம்மா ஆச்சு, பேப்பர் கஷ்டமான்னு.

"லேது சார்"னேன். "பாகா ராசானு."

நல்லாத்தான் எழுதியிருந்தேன்.